கிளினிக் கதவும் கைத்தொலைபேசியும்

காய்ச்சல் வந்தால் லயத்திலிருந்து எழுந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய், டிரெசரிடம் நாக்கை நீட்டிக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. எல்லா வியாதிக்கும் ஒரே மருந்தைக் கலக்கிக் கொடுக்கிறார் என்று அவரை நாம் குறை கூறியதும் உண்டு. ஆனால், பெயரைப் பதிய அவர் நம்மிடம் கடவுச்சொல் கேட்டதில்லை!

இன்றோ நாள் குறிக்கும் வேலை கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. கொரோனாத் தொற்றுக்காக 2020-இல் வந்த மைசெஜாத்ரா செயலியிலேயே அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றுக்கு முன்பதிவு செய்துகொள்ள முடிகிறது. இதை நாம் வெறுக்கவில்லை. விடியுமுன் வாசலில் இடம்பிடித்து, மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கஷ்டத்தை நாம் மறந்துவிடவில்லை. பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகல் 2 மணிக்குப் போகலாம் என்றால் ஒருநாள் சம்பளம் தப்புகிறதே! நீரிழிவுக்காரருக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் இது பெரிய உதவி.

ஆனால் நடப்பது என்ன? நமக்குத் தெரிந்த அம்மா ஒருவர் பல ஆண்டுகள் பால் வெட்டியவர். பட்டணத்தில் வேலை செய்யும் மகனின் நம்பரில் அவர் பெயர் பதியப்பட்டிருந்தது. மகன் நம்பரை மாற்றிவிட்டார். உறுதி செய்யும் எண் இப்போது யாருக்கோ போகிறது. கிளினிக் கவுண்டருக்கு நேரில் போனவரை, “போனில் பதிந்துவிட்டு வாருங்கள்” என்று திருப்பிவிட்டார்கள். கிளினிக்கில் கட்டுவது ஒரு வெள்ளி. போய்வந்த வண்டிக்கூலியோ அதைப்போல் பல மடங்கு.

2021 மே மாதத்தில் சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கு அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான பதிவை இணையத்தில் திறந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின. மரத்தடியில் நிற்பவன் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் சம்பள விஷயமும் இருக்கிறது, தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்காத நோய்க்குச் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்கு டாக்டரின் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவலும் போய்ச்சேர வேண்டும். போகாவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்றே கணக்கு. செயலி நான்கு நாள் கழித்து வரச் சொன்னால், இடைப்பட்ட நாள்களுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? திரையில் தெரியும் முன்பதிவு எம்.சி. ஆகாது. ஆகவே, காய்ச்சலோடு இருப்பவர் செயலிக்காகக் காத்திராமல் நேரே டாக்டரிடம் போகவேண்டும். அன்றைக்கே ஆபீசுக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் அன்றாட இடங்களில் ஒரு பங்கை நேரில் வருவோருக்கென்று கவுண்டரிலேயே ஒதுக்கி வைக்கட்டும். போன் இல்லாதவரின் பெயரைக் கவுண்டர் ஊழியரே பதிந்து, நாளைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.

கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. சம்பள நாளன்று அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு லயத்தின் பதிவையே முடித்துவிடலாம். பதிந்து கொடுங்கள், கடவுச்சொல்லை மட்டும் உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன அம்மாவின் நம்பரை மாற்ற உதவுவதாக ஒரு கிராணி ஏற்றிருக்கிறார். வரும் சம்பள நாளில் அவரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.