கொடி விற்பனைக்கு, குப்பை நமக்கு

2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் மூழ்கியது. சில நாட்களில் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்க ஆரம்பித்தன. பிறகு தனுஷ்கோடி வரை போயின. பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கான மூலப்பொருள் அது. துவரம் பருப்பு அளவுதான் இருக்கும். மணலைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும், முழுசாக எடுக்கவும் முடியாது.

கப்பலில் 640 கண்டெய்னர்கள், அதில் 13-ல் அபாயகரமான சரக்கு. டாங்குகளில் 84 டன் டீசலும் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும். ஊழியர்கள் 24 பேரும் பிழைத்துக்கொண்டார்கள், நல்லவேளை. கடலுக்குப் போக முடியாமல் நின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கேரள அரசு தற்காலிக நிவாரணம் அறிவித்தது: ஆயிரம் ரூபாய், ஆறு கிலோ அரிசி.

சரி, இந்தக் கப்பல் யாருடையது? ரொம்பச் சாதாரணமான கேள்வி. தெருவில் ஒரு லாரி உங்கள் வீட்டுச் சுவரை இடித்தால் நம்பர் பிளேட்டைப் பார்த்து அரை மணி நேரத்தில் ஓனரைப் பிடித்துவிடலாம். கடலில் அப்படி இல்லை. எல்சா 3-ஐ இயக்கியது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட, உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனம். கப்பலில் பறந்ததோ லைபீரியாவின் கொடி. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவுக்கும் ஆலப்புழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குப் பெயர்தான் வசதிக் கொடி.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, 1922-ல், ரிலையன்ஸ், ரெசொல்யூட் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. கப்பலில் சரக்கு ஊற்றிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மேட்டர். 1948-ல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸின் முயற்சியில் லைபீரியக் கப்பல் பதிவேடு உருவானது. இன்றைக்கும் அது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்துதான் நிர்வகிக்கப்படுகிறது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் மட்டும் உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது.

கடல் சட்டத்தில் இதற்குத் தடை இல்லையா? எழுத்தில் இருக்கிறது. 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் இடையில் 'உண்மையான தொடர்பு' இருக்க வேண்டும் என்கிறது. உண்மையான தொடர்பு என்றால் என்ன என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. அதற்கு விளக்கம் கொடுக்க 1986-ல் தனியாக ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போதுமான நாடுகள் சேரவில்லை, இன்றுவரை அமலுக்கு வரவில்லை. 1999-ல் சைகா கப்பல் வழக்கில் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் இருந்த கொஞ்சத்தையும் தளர்த்தியது. கொடி நாடு தன் கடமைகளை ஒழுங்காகச் செய்யத்தான் அந்த வாசகம், ஒரு கப்பலின் பதிவே செல்லாது என்று இன்னொரு நாடு வாதிடுவதற்கு அல்ல என்று சொல்லிவிட்டது.

என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு பக்கைத் தெரிந்தே பல வருஷம் விட்டுவைத்தால், அதை நம்பி மற்றவர்கள் தங்கள் சிஸ்டத்தைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் அதைச் சரிசெய்யப் போனால் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். பிரிவு 91 அப்படிப்பட்ட பக். உலகக் கப்பல் வணிகம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

உட்காரட்டுமே, யாருக்கு நஷ்டம் என்பவர்கள் பெய்ரூட்டைப் பார்க்க வேண்டும். 2013-ல் 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டுடன் ரோசஸ் என்ற ஓட்டைக் கப்பல் அங்கே வந்து நின்றது. கொடி, கடற்கரையே இல்லாத மால்டோவாவுடையது. உரிமையாளர் கப்பலையும் ஊழியர்களையும் கைவிட்டார். சரக்கு துறைமுகக் கிடங்குக்குப் போனது. லெபனான் அதிகாரிகளின் அலட்சியமும் சேர்ந்து ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக இரண்டு வாதங்களை வழக்கமாகச் சொல்வார்கள். முதலாவது, வசதிக் கொடியால்தான் சரக்குக் கட்டணம் குறைவு, உங்கள் போனும் சட்டையும் மலிவாகக் கிடைப்பது இதனால்தான் என்பது. உண்மைதான், மலிவுதான். ஆனால் மிச்சமான பணம் வானத்திலிருந்து விழவில்லை. கைவிடப்பட்ட கப்பல்களில் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் மாலுமிகளும், ஆறு கிலோ அரிசி வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மீனவர்களும் அதைக் கட்டுகிறார்கள்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. லைபீரியக் கப்பல்கள் இன்று சோதனைகளில் நன்றாகவே தேறுகின்றன, ஐரோப்பியத் துறைமுகங்களின் வெள்ளைப் பட்டியலில்கூட இருக்கின்றன என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையைக் கொண்டுவந்தது யார்? 1978-ல் லைபீரியக் கொடியுடன் வந்த அமோகோ காடிஸ் பிரான்ஸ் கடற்கரையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டிய பிறகு, ஐரோப்பிய நாடுகள் 1982-ல் பாரிஸில் கூடி, எங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பலை நாங்களே சோதிப்போம் என்று முடிவெடுத்தன. கொடி நாடுகள் தானாகத் திருந்தவில்லை, துறைமுகங்கள் திருத்தின. அந்தச் சோதனையும் இரும்பையும் எஞ்சினையும் சான்றிதழையும்தான் பார்க்கிறது. விபத்து நடந்தால் முழுச் சேதத்துக்கும் யார் பணம் கட்டுவார் என்று அது கேட்பதில்லை.

கேட்டாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. கப்பல் உரிமையாளர் கட்ட வேண்டிய இழப்பீட்டுக்கு சர்வதேசச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது சேதத்தின் அளவை வைத்து அல்ல, கப்பலின் அளவை வைத்து. 2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கிட்டத்தட்ட 1,680 டன் பிளாஸ்டிக் குருணையை ஏற்றிவந்தது. அது வசதிக் கொடிக் கப்பல்கூட அல்ல, சிங்கப்பூர் கொடி. அப்படியிருந்தும் லண்டன் நீதிமன்றம் பொறுப்பை சுமார் 1.9 கோடி பவுண்டுக்குள் அடக்கியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கட்டு என்றது. கம்பெனி முடியாது என்றுவிட்டது. நீர்கொழும்பு மீனவர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறார்.

அப்போது வழியே இல்லையா? இருக்கிறது, அதைக் கேரளம் காட்டியது. 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே குழுமத்தின் அகிடெட்டா 2 என்ற கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. நீதிமன்றம் அதைப் பிடித்துவைத்தது. பிறகு 1,227.62 கோடி ரூபாய் பிணையாக வைக்கச் சொன்னது. கேட்டதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் எத்தனை கடிதம் எழுதினாலும் நகராத விஷயம் ஒரு கப்பலைக் கட்டிவைத்ததும் நகர்ந்தது. காகிதக் கம்பெனி எந்தத் தீவிலும் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் கப்பல் சரக்கு இறக்கத் துறைமுகத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது லைபீரியாவிடம் அல்ல, நம் துறைமுகங்களிடம். கப்பலால் கடைசியில் லாபம் பார்ப்பது யார் என்ற பெயரும், முழுச் சேதத்துக்கான காப்பீடும் இல்லாமல் உள்ளே விடாதே. பிளாஸ்டிக் குருணையை அபாயச் சரக்காக அறிவி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-ல் அதற்குக் கொடுத்தது கட்டாயமில்லாத பரிந்துரை மட்டுமே. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் பாரிஸ் மாதிரி ஓர் ஒப்பந்தம் 1998 முதல் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து அதில் இந்தக் கோரிக்கையை வைக்கலாம்.

தனியாகச் செய்தால் கப்பல்கள் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அதனால்தான் சேர்ந்து செய் என்கிறேன். கொழும்பும் விழிஞ்ஞமும் தூத்துக்குடியும் ஒரே கேள்வியைக் கேட்டால், இந்தப் பக்கம் சரக்கு இறக்க வருகிற கப்பல் எங்கே போகும்?