பி.காம். பட்டத்துக்கான தகுதி விதிகள்: உயர்கல்வித் துறைக்குக் கோரிக்கை மனு

பெறுநர்: தமிழ்நாடு அரசு உயர்கல்வித் துறை, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், பல்கலைக்கழகங்களின் வணிகவியல் பாடத்திட்டக் குழுக்கள்

பொருள்: பி.காம். பட்டத் தகுதி விதிகளைச் சேர்க்கை நாளிலேயே தமிழில் அறிவித்தல், பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் திருத்துதல் தொடர்பாக

தமிழ்நாட்டில் பி.காம். மூன்றாண்டுப் படிப்பு, 6 பருவங்கள் கொண்டது. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி பட்டத்துக்கு 140 கிரெடிட் சேர வேண்டும். பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம். நிதிநிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், வருமான வரி, தணிக்கை ஆகிய முதன்மைப் பாடங்களும் அவற்றைச் சார்ந்த விருப்பப் பாடங்களும் பகுதி 3. சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள் ஆகியவை பகுதி 4. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி பகுதி 5. ஐந்தில் எது குறைந்தாலும் பட்டம் கிடையாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு அக மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என 100 மதிப்பெண். தேர்ச்சிக்கு 40 சதவீதம். தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு.

இவ்வளவும் ஒரே தாளில் எழுதப்பட்டு மாணவர் கைக்கு வருவதில்லை. பல்கலைக்கழக ஒழுங்குவிதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அவற்றைப் படித்துச் சொல்ல ஆளில்லை. நிறுமக் கணக்கியலில் 80 மதிப்பெண் எடுத்த மாணவருக்கு, பகுதி 5-இல் பதிவாக வேண்டிய ஒரே ஒரு கிரெடிட் பதிவாகவில்லை என்பது ஆறாம் பருவ முடிவு வந்த பிறகு தெரியவருகிறது. இரண்டாம் பருவத்தில் விட்டுப்போன சுற்றுச்சூழல் கல்வித் தாளும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தற்காலிகப் பட்டச் சான்று இல்லாமல் எம்.காம். சேர்க்கையும் கிடைத்த வேலையும் நழுவுகின்றன. ஆகவே, சேரும் நாளன்று பட்ட விதிகள் முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். ஒவ்வொரு பருவ மதிப்பெண் பட்டியலிலும் பகுதிவாரியாகப் பெற்ற கிரெடிட் எத்தனை, பாக்கி எத்தனை என்பது அச்சாக வேண்டும். வணிகவியல் மாணவர்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த சங்கத்தின் முதல் கோரிக்கை இது. இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

பட்டத்தின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பி.காம். (சி.ஏ.) என்றால் கணினிப் பயன்பாடு சேர்ந்த வணிகவியல். அதை முடித்தால் மகன் ஆடிட்டர் ஆகிவிடுவான் என்று நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பட்டயக் கணக்காளர் தகுதியை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தனியே தேர்வு நடத்தி, அலுவலகப் பயிற்சியும் முடித்த பிறகே வழங்குகிறது. பி.காம். முடித்தவர் அதன் அடிப்படைத் தேர்வை எழுதாமல் இடைநிலைக்கு நேரே போகலாம். ஆனால் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு 40 போதும், அந்த வழிக்கு 55 வேண்டும் என்பதை முதல் பருவத்தில் கேட்ட மாணவர் அதற்கேற்பப் படிப்பார். மூன்றாம் ஆண்டில் கேட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. விண்ணப்பப் படிவத்திலும் கல்லூரி விளம்பரத்திலும் பாடப்பிரிவின் பெயரைச் சுருக்காமல் முழுதாக அச்சிடக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பொது, கணினிப் பயன்பாடு, வங்கியியல், நிறுமச் செயலாண்மை என்று கிளைத்துவிட்ட பி.காம். பட்டங்களுள் எவை அரசு வேலைக்குப் பொது பி.காம். பட்டத்துக்கு இணை என்பதற்கான அரசாணை, முதல் மாணவர் சேரும் முன்னரே வெளிவர வேண்டும். படித்து முடித்தவர் இணைச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது நியாயமன்று.

மொழி தொடர்பான குறை ஆழமானது. பள்ளியில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவருக்குப் பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், கடனீந்தோர் எல்லாம் பழகிய சொற்கள். கல்லூரியின் முதல் வாரத்தில் அவையே லெட்ஜர், டிரயல் பேலன்ஸ், டிப்ரிசியேஷன், சண்ட்ரி கிரெடிட்டர்ஸ் என்று வருகின்றன. கணக்கு தெரிந்த பிள்ளை சொல் தெரியாமல் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. வினாத்தாள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருமொழியில் அமைய வேண்டும். முதல் பருவத்தில் கலைச்சொற்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த இரண்டு வாரம் மூன்றாண்டுக்கும் உதவும் என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார்.

பாடத்தைப் பொறுத்தவரை, ஒரு பில்லை எடுத்துப் பார்த்தாலே போதும். ஈரோட்டு வியாபாரி கரூர்க் கடைக்கு ரூ.10,000-க்குத் துண்டு விற்கிறார். வரி 5 சதவீதம். மத்திய ஜிஎஸ்டி ரூ.250, மாநில ஜிஎஸ்டி ரூ.250. அதே சரக்கு பாலக்காட்டுக்குப் போனால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ரூ.500 என ஒரே வரி. விற்பனைக் கணக்கில் ரூ.10,000 மட்டுமே ஏறும், ரூ.500 அரசுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. நூல் வாங்கியபோது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். இந்த வரி 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருந்தும், பட்டம் பெற்று வேலைக்குப் போகும் பலர் இந்தப் பதிவை முதன்முதலாகப் போடுவது ஏதாவதொரு ஆடிட்டர் அலுவலகத்து மேசையில்தான். ஜிஎஸ்டி தாளில் வரலாறும் வரையறைகளும் குறைந்து பில், வரிப்படிவம், உள்ளீட்டு வரிக் கழிவு ஆகியவை கூட வேண்டும். டேலி தாளின் செய்முறைத் தேர்வு ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கணினி முன் உட்கார வைத்து நடக்க வேண்டும். மூவருக்கு ஒரு கணினி என்ற நிலையில் ஒருவர் தட்டச்சு செய்ய மற்ற இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

வருமான வரித் தாள் இன்னும் அவசரமானது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகள் கொண்ட வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைச் சொல் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே வருகிறது. பிரிவு எண்களும் மாறுகின்றன. பழைய ஆண்டுகளுக்கான கணக்கும் வழக்கும் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால், சில காலம் மாணவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். பாடத்திட்டத் திருத்தத்துக்கு மூன்றாண்டு காத்திருக்கும் வழக்கத்தை இந்தத் தாளில் விட்டுவிட்டு, பிரிவு எண்களின் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைப் பாடத்திட்டக் குழுக்கள் உடனே வெளியிட வேண்டும்.

திருத்தும் முறைக்கும் ஒரே அளவுகோல் தேவை. இறுதிக் கணக்கு வினாவில் இருப்பாய்வுக்குக் கீழே, சரிக்கட்டுதலாக, இறுதிச் சரக்கிருப்பு கொடுக்கப்படும். அதை வியாபாரக் கணக்கின் வரவிலும் இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்திலும் எழுத வேண்டும். பதற்றத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனால் இருபக்கக் கூட்டுத்தொகையும் அதே அளவு வேறுபடும். மற்ற பதினைந்து பதிவுகளும் சரியாக இருக்கும். ஒரு திருத்துநர் 10-க்கு 7 தருகிறார், இன்னொருவர் 2 தருகிறார். பிழை ஒன்றுதான் என்பதைக் கூட்டுத்தொகையின் வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது. அதற்கு 8 மதிப்பெண் வெட்டுவது கணக்கறிவை அளப்பதாகாது. ஒவ்வொரு கணக்கு வினாவுக்கும் படிநிலை மதிப்பெண் குறிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். தேர்வு முடிந்ததும் அது பொதுவில் வெளியாக வேண்டும்.

உள்ளகப் பயிற்சியில் தற்போது பல இடங்களில் நடப்பது சான்றிதழ் வாங்கும் வேலை. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், வரி ஆலோசகர் அலுவலகம் ஆகியவற்றில் மாணவரை அமர்த்தும் பொறுப்பைக் கல்லூரியே ஏற்க வேண்டும். ஒரு மாத ரொக்க ஏட்டையும் அதற்குரிய வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் மாணவர் தம் கையால் தயாரித்துக் கொடுத்தால் அதையே பயிற்சி அறிக்கையாக ஏற்கலாம்.

இறுதிப் பருவத்தில் ஒரே தாள் நிலுவையாகி நிற்பவருக்கு முடிவு வெளியான 30 நாளுக்குள் சிறப்புத் தேர்வு நடத்துவது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் விதியாக வேண்டும். அந்தச் சலுகை பகுதி 4 தாள்களுக்கும் பொருந்த வேண்டும். விரிவாக்கப் பணியின் பதிவு விட்டுப்போயிருந்தால், கல்லூரி முதல்வர் சான்றளித்த ஒரு வாரத்தில் அது சரிசெய்யப்பட வேண்டும். இக்கோரிக்கைகளுள் பட்ட விதித் தாள், பாடப்பிரிவின் முழுப்பெயர், இணைத்தன்மை அரசாணை ஆகிய மூன்றும் வரும் மாணவர் சேர்க்கைக்கான விண்ணப்பப் பதிவு தொடங்கும் முன்பே நடைமுறைக்கு வர ஆணையிடுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.