ஜாடியின் அடியில் யார் பெயர்?

2022 அக்டோபரில், பாரிஸுக்கு அருகே போன்தேன்புளோ நகரில் ஒரு சீன ஜாடி ஏலத்துக்கு வந்தது. வெள்ளைப் பீங்கான், அதில் நீல மேகங்களும் டிராகன்களும். 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அதிகம் போனால் 2,000 யூரோ என்றார் ஏலக் கம்பெனியின் நிபுணர். பணமூட்டைகள் நம்பவில்லை. 18ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சொத்து என்று எண்ணிப் போட்டி போட்டார்கள். ஏலம் 77 லட்சம் யூரோவில் போய் நின்றது!

ஜாடி ஒன்றுதான். மண்ணும் சித்திரமும் மாறவில்லை. சக்கரவர்த்தி வீட்டுச் சாமான் என்றால் 77 லட்சம். நேற்று ஒரு தொழிலாளி செய்தது என்றால் 2,000! இதற்குக் கலாரசனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் கனவான்கள்.

பழம்பீங்கான் சேகரிக்கும் சீமான் ஜாடியைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்க்கிறான். அடியில் வம்சத்தின் பெயர், சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயர். பிறகு டிராகனின் நகத்தை எண்ணுகிறான். ஐந்து நகம் சக்கரவர்த்திக்கு உரியது. சரி, செய்தவன் பெயர் எங்கே என்று நாம் கேட்கிறோம். மில் தொழிலாளிக்கு இதற்குப் பதில் தெரியும்.

ஒருவனா செய்தான்? அரண்மனைச் சூளைகள் இருந்த ஊர் ஜியாங்சி மாகாணத்துச் சிங்தேசென். ஒரு கிண்ணம் உருவாக 72 கைகளைக் கடக்க வேண்டும் என்று 1637ல் வெளிவந்த சீனத் தொழில்நூல் கணக்குச் சொல்கிறது. மண் இடிப்பவன், சக்கரம் சுழற்றுபவன், கோடு இழுப்பவன், சூளைக்கு விறகு தள்ளுபவன், எத்தனை பேர்! இத்தனை உழைப்புக்குப் பின்னும் சிறு குறை தென்பட்டால், மிங் அரசரின் அதிகாரிகள் அதை உடைத்துப் புதைத்தார்கள். செய்தவன் அதில் கஞ்சி குடித்துவிடக் கூடாதல்லவா? அந்தச் சில்லுக் குவியல்களை 1980களில் தோண்டி எடுத்தார்கள்.

ஒரு பெயர் தப்பியிருக்கிறது. வான்லி சக்கரவர்த்தி காலத்தில் (1573–1620) பெரிய டிராகன் தொட்டிகள் வேண்டுமென்று உத்தரவு வந்தது. சூளையில் வைத்த தொட்டிகள் தேறவில்லை. மேற்பார்வைக்கு வந்த பான் சியாங் என்ற அரண்மனை அதிகாரி தொழிலாளிகளை அடித்தான், வதைத்தான். சக தொழிலாளிகளின் பாடு பொறுக்காமல் துங் பின் என்ற குயவர் எரியும் சூளைக்குள் குதித்தார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவருக்குக் கோயிலும் எழுந்தது. பழுதாகி மூலையில் கிடந்த ஒரு டிராகன் தொட்டியை, 18ஆம் நூற்றாண்டில் சூளைகளை மேற்பார்த்த தாங் யிங் தூக்கிவரச் சொல்லி, அந்தக் கோயிலருகே வைத்தார்.