நின்றுகொள்கிறேன் என்று எழுதும் முன்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பப் போகும் பெண், அதற்கு முந்தைய வாரம் கம்பெனியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். பல நேரம் அது அவளே எழுதிய தாள்கூட இல்லை. சூப்பர்வைசரோ ஹெச்.ஆர். பிரிவோ எழுதித் தந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை.’ இரண்டே வரி. கூடவே, “குழந்தை கொஞ்சம் பெருசானதும் வாம்மா, வேலை இருக்கு” என்று ஆறுதல். அந்த இரண்டு வரியால் ஆறு மாதச் சம்பளத்தை இழந்த பெண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

வேலையை விட்டாயிற்று, இனி மகப்பேறு பணம் கிடைக்குமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா? வேலை எப்படிப் போனது: அவளாக நின்றாளா, நிறுத்தினார்களா, ஒப்பந்தக் காலம் முடிந்ததா?

ஈ.எஸ்.ஐ.யை முதலில் பார்ப்போம். தெரியாமலே அதிகம் பேர் விட்டுவிடும் பணம் இதுதான். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் இதற்குள் வருகிறார்கள். 1948-இல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம், காப்பீடு பெற்றவர் யார் என்று சொல்லும்போதே சந்தா செலுத்தப்படுகிற தொழிலாளியோடு, முன்பு செலுத்தப்பட்ட தொழிலாளியையும் சேர்த்தே சொன்னது. பணத்தைத் தருவது கம்பெனி அல்ல, ஈ.எஸ்.ஐ. கழகம். அதனால் பிரசவ நாளில் அவள் கம்பெனியில் இருக்கிறாளா என்பது இங்கே கேள்வியே இல்லை. அதற்கு முந்தைய இரண்டு சந்தாப் பருவங்களில் 70 நாளுக்காவது சந்தா சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். சராசரி நாள்சம்பளம் ரூ.500. ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஐந்தாம் மாதத்தில் வாந்தியும் மயக்கமும் தாங்காமல் 2025 செப்டம்பர் கடைசியில் நின்றுவிட்டாள். 2026 பிப்ரவரியில் குழந்தை. முந்தைய பருவங்களில் 70 நாளைத் தாண்டிச் சந்தா இருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள். கணக்குப் போட்டால் ரூ.91,000. அவள் கையெழுத்துப் போட்ட ராஜினாமா இந்தப் பணத்தைத் தொடாது. அந்த நாட்களில் வேறெங்கும் கூலிக்குப் போகாமல் இருக்க வேண்டும், பகுதி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்டு நெடுநாள் கழித்து உண்டானவர்களுக்கு இது பொருந்தாது. சந்தாப் பருவங்கள் கடந்து போயிருக்கும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் பணம் தரவேண்டியவர் முதலாளி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர இங்கே பேசும் உரிமைகள் மாறவில்லை. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கர்ப்பமே நாற்பது வாரம்தான் என்பதால், உண்டான பிறகு வேலைக்குச் சேர்ந்தவளும் இந்த 80 நாளை எட்டிவிட முடியும். “சேரும்போதே நீ மாசமா இருந்தியே” என்று எவரும் மறுக்க இடமில்லை.

இப்போது வேலை போன விதம். கர்ப்பமாக இருக்கும் பெண்ணை நிறுத்திவிட்டால், நிறுத்தாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் மகப்பேறு பணத்தை அந்த நீக்கம் பறிக்காது. பெரிய ஒழுங்கீனம் என்று எழுத்தில் ஆணை கொடுத்து நீக்கியிருந்தால்தான் விலக்கு. அந்த ஆணையையும் எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒப்பந்தம் முடிந்தால்? டெல்லியில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் இருந்த பெண் டாக்டர் 2017 ஜூன் 1 முதல் பேறுகால விடுப்பு கேட்டார். ஒப்பந்தம் ஜூன் 11-இல் முடிகிறது, ஆகவே 11 நாள்தான் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தகுதி வந்துவிட்ட பிறகு, ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழுப் பலனைத் தரவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம், தற்காலிகம் என்ற சொற்களைக் கேட்டே பின்வாங்கிவிடும் ஆசிரியைகளும் நர்ஸுகளும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்.

மிஞ்சுவது ராஜினாமா. மனதார எழுதிக் கொடுத்து நின்றுவிட்டால், முதலாளியிடம் அதன்பின் மகப்பேறு பணம் கேட்க வழி அநேகமாக அடைபட்டுவிடும். சட்டம் தடுப்பது நீக்கத்தைத்தான். அழுத்தம் கொடுத்து எழுதி வாங்கினார்கள் என்றால் அது நீக்கத்துக்குச் சமம் என்று வாதாடலாம். ஆனால் நிரூபிக்கும் பாரம், கைக்குழந்தையோடு இருப்பவள் தலையில் விழுகிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற சொற்களைப் பற்றி இவ்வளவு சொல்வது அதனால்தான். மிரட்டிய வாட்ஸ்அப் செய்தி, கடைசி பே ஸ்லிப், வருகைப் பதிவின் படம் எதையும் அழித்துவிடக் கூடாது.

பணம் வந்தாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். பேறுகாலம் 12 வாரமாக இருந்த நாளில், எஸ்டேட் ஒன்று தன் பெண் தொழிலாளிக்கு 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது. அவர் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இன்று 182 நாள் என்று எண்ணுவதற்கு அந்தத் தோட்டத் தொழிலாளியும் ஒரு காரணம்.

எந்தப் பக்கமும் வழியில்லாத ஏழைப் பெண்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சீக்கிரமே பதிந்துவிட வேண்டும்.

நிற்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே விடுப்பு தொடங்கலாம். கர்ப்பத்தால் உடம்பு படுத்தினால் டாக்டர் சான்றோடு இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு உண்டு. தாய்வீட்டுக்குப் போக ராஜினாமா தேவையில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் வேறு: ‘எனக்கு இந்தத் தேதியில் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. இந்த நாள் முதல் பேறுகால விடுப்பில் செல்கிறேன். அக்காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன். பணத்தை எனக்கோ நான் குறிப்பிடும் இவருக்கோ தரவும்.’ இதுவும் நாலே வரிதான். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கொடுக்க மறந்திருந்தாலும் உரிமை போய்விடாது. குழந்தை பிறந்த பிறகும் கொடுக்கலாம்.