பேரேடும் கரியும்

நான் வங்கிக் குமாஸ்தா. கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் டேலி ஆக ஊரையே எரிக்கணும்னு எவனும் எனக்குச் சொன்னதில்லை. பிட்காயின்காரர்கள் சொல்கிறார்கள்.

அவர்கள் பேரேட்டில் பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கம். அதை எழுதும் உரிமைக்காக லட்சக்கணக்கான இயந்திரங்கள் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டி போடுகின்றன. ஜெயித்த ஒருத்தனுக்குக் காசு. மற்றவர்கள் எரித்த மின்சாரம் அத்தனையும் வீண். இதுக்குச் 'சுரங்கம்'னு பேர் வேற! எந்தக் குழியில் இவன் இறங்கினான்? 2021இல் சீனா விரட்டியதும் நிறைய இயந்திரங்கள் கஜகஸ்தானுக்குப் போயின. அங்கே மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி. இறங்குகிறவன் அந்தக் கரி வெட்டுகிறவன். அதே 2021 மே மாதம் ஈரானில் ஊர்கள் இருண்டன; அரசே நான்கு மாதம் தடை போட்டது.

பாதுகாப்புக்கு வேறு வழியில்லை என்கிறார்கள். ஈத்தரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியது. மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கணக்கு இன்னும் ஓடுகிறது. பிட்காயின் மட்டும் ஏன் மாறவில்லை? எரிக்க வசதியுள்ளவனே எழுதலாம் என்பது அதன் சட்டம்.

யார் எழுதலாம் என்ற கேள்வி நமக்குப் புதுசில்லை, தோழர்களே. எழுதுகிறவன் ஒருத்தன், கரியாகிறவன் இன்னொருத்தன். எனக்கு இந்தக் கணக்கு டேலி ஆகவில்லை.