சம்ஸ்கிருத நூலுக்கு எந்த ஃபான்ட்? அழகு மட்டும் போதாது!

பழைய சம்ஸ்கிருத நூல் ஒன்றை மறுபதிப்பு செய்கிறீர்கள். கம்ப்யூட்டரில் முதலில் கண்ணில் படுகிற தேவநாகரி ஃபான்ட்டைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி.

அப்படி என்ன ஆகிவிடும்?

தமிழில் மெய்கள் அடுத்தடுத்து வந்தால் புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சம்ஸ்கிருத அச்சில் அவை ஒன்றோடொன்று இணைந்து கூட்டெழுத்தாக வேண்டும். ‘கார்த்ஸ்ன்ய’ என்ற சொல்லில் மட்டும் வரிசையாக ஐந்து மெய்கள்! இந்திக்கென்று உருவான பல ஃபான்ட்களில் இத்தனை கூட்டெழுத்துகள் கிடையாது. அவை சொல்லை நடுவிலேயே உடைத்து, எழுத்தின் கீழே ‘விராமம்’ எனும் சாய்ந்த கோட்டைப் போட்டுவிடும். மரபான அச்சில் அந்தக் கோடு பெரும்பாலும் சொல் மெய்யில் முடிந்து நிற்கும் இடத்தில்தான் வரும். வேத நூல் என்றால் சுரக் குறிகளும் சரியான இடத்தில் உட்கார வேண்டும்.

படிக்க முடிந்தால் போதாதா?

இன்றைக்குப் போதும். ஆனால், உடைந்த எழுத்திலேயே படித்துப் பழகிய மாணவர் நாளைக்கு நூலகத்தில் பழைய பதிப்பை எடுத்தால் திணறுவார். இழப்பு அங்கேதான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

19ஆம் நூற்றாண்டில் ஜாவஜி தாதாஜி மும்பையில் தொடங்கிய நிர்ணய சாகர் அச்சகத்தின் எழுத்துகள், சம்ஸ்கிருத அச்சுக்கே அளவுகோலாகின. அந்த மரபைப் பின்பற்றும் ‘டிரோ தேவநாகரி சான்ஸ்கிரிட்’ கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஐஐடி பம்பாயின் ‘ஷோபிகா’வும் இலவசம்தான்.

தேவநாகரிதான் அசலா?

அதுவும் இல்லை. சம்ஸ்கிருதத்துக்கென்று ஒரே ஒரு லிபி இருந்ததில்லை. வங்கத்தில் வங்க எழுத்து, நம் பக்கம் கிரந்தம். இங்கே கிரந்தத்திலேயே சம்ஸ்கிருத நூல்கள் அச்சாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட நூலைத் தேவநாகரிக்கு மாற்றினால் வாசகர்கள் கூடுவார்கள், உண்மைதான். ஆனால் மாற்றியதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் கிரந்தத்திலேயே போடுங்கள். 2014லேயே யூனிகோடில் கிரந்தம் சேர்ந்துவிட்டது; ஃபான்ட்களும் இருக்கின்றன.

பழசு மாதிரி தெரிகிற அலங்கார ஃபான்ட்டைத் தேடி அலைய வேண்டாம். மூல நூலிலிருந்து கடினமான நாலு கூட்டெழுத்துகளை எடுத்து டைப் செய்து பாருங்கள். உடைந்தால், அந்த ஃபான்ட் உங்கள் நூலுக்கு ஆகாது.