டைட்டனின் பொருள் ஹெசியடிடம் மட்டும் இல்லை

பெங்களூருக்கும் ஒசூருக்கும் இடையே, ஆனேக்கல் சாலை பிரியும் சந்தாபுராவில் நின்று ‘டைட்டன்’ என்றால் என்ன என்று கேட்டால், தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மணிக்கட்டைத்தான் காட்டுவர். அதே சொல்லைத் தமிழ் ஆய்வரங்கில் எழுப்பினால் விடை வேறு: யுரேனசுக்கும் கையாவுக்கும் பிறந்து, சியூசிடம் தோற்ற பேருருவத் தெய்வங்கள். முன்னது அறியாமை, பின்னது புலமை என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். அத்தீர்ப்பு தவறானது.

மூலமே பொருள் என்போர் முதலில் மூலத்தைப் பார்க்கட்டும். ‘தியோகொனி’யில் ஹெசியட் இப்பெயருக்கு ஒரே மூச்சில் இரண்டு விளக்கங்கள் தருகிறார்: மிகையாக முயன்றவர்கள் என்பது ஒன்று, பழிக்கு உரியவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒலி ஒப்புமையில் எழுந்தவை. சொல்லின் உண்மையான வேர் இன்றும் உறுதிப்படவில்லை. ஊற்றே இவ்வாறு கிளைத்திருக்க, அதற்கு ஒரே பொருள்தான் என்று வழக்காடுவது எவ்வகை ஆய்வு?

அதன்பின் அச்சொல் நடந்த தொலைவும் சிறிதன்று. 1795இல் கிளாப்ரோத் ஓர் உலோகத்துக்கு டைட்டானியம் எனப் பெயரிட்டார்; அதன் தாதுவான இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடக்கிறது. 1655இல் ஹைகன்ஸ் கண்ட சனிக்கோளின் நிலவு, 1847இல் ஜான் ஹெர்ஷல் வழியாக டைட்டன் ஆயிற்று. 1912இல் மூழ்கிய டைட்டானிக் செருக்குக்கு உவமையாக நின்றது. அதன் சிதைவைக் காணச் சென்று 2023இல் ஐவருடன் நொறுங்கிய நீர்மூழ்கியின் பெயரும் டைட்டனே.

ஒசூரின் டைட்டனுக்குப் பிறப்பே வேறு. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய கடிகார நிறுவனம் அது. டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அமைந்தது அதன் பெயர். கிரேக்க ஒலி அதற்குக் கிடைத்த அணி மட்டுமே. பெயருக்குள் தமிழ்நாடே இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதியவுடன் அது கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. அதை மீட்டுக் காட்ட வேண்டிய ஆய்வாளரோ ஒலிம்பஸ் மலையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

நிறுவனப் பெயர் சொல்லாகுமா என்பது அடுத்த மறுப்பு. ஒருவர் ‘டைட்டனில்’ வேலை பார்க்கிறார் என்னும்போது அது ஓர் இடம். ‘டைட்டன்’ கட்டியிருக்கிறார் என்னும்போது அது ஒரு பொருள். வேற்றுமை உருபும் வினையும் ஏற்றுப் பொருளை மாற்றிக்கொள்ளும் ஒன்று சொல் அல்லவெனில் வேறு எது சொல்? இன்னொரு சாரார் டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்று திருத்தம் கொண்டுவருவர். அவர்கள் வழியில் அது ‘தைத்தான்’ ஆகும். கடிகாரத் தொழிலாளி தையற்காரர் ஆகிவிடுவார்.

பலபொருள் ஒருசொல் தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. ‘கடி’ என்னும் ஓர் உரிச்சொல்லுக்குக் கூர்மை, காப்பு, புதுமை, அச்சம் எனப் பத்துப் பொருள்களைத் தொல்காப்பியம் ஒரே நூற்பாவில் அடுக்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வட்டார வழக்குகளைத் தனிக் குறியிட்டுப் பதிந்தது. அந்த மரபில் வந்தவர்கள் ஒசூர்ச் சாலையின் வழக்கைப் பிழை என ஒதுக்குவது தம் முன்னோரையே மறுப்பதாகும்.

இழப்பு யாருக்கு? ‘டைட்டன்: கிரேக்கத் தொன்மத் தெய்வம்’ என்ற ஒற்றை வரியோடு அகராதி நிறைவடைந்தால், அரசு முதலீடும் எல்லையோர ஊரொன்றின் உழைப்பும் ஒரு சொல்லுக்குள் சேர்ந்த வரலாறு பதிவின்றிப் போகும். நூறாண்டு கழித்து நம் காலத்துக் கதையில் ‘டைட்டன் கட்டிய கை’ என்று படிக்கும் மாணவர், தெய்வம் எழுப்பிய கை என்று உரையெழுதுவார்.

கடன்சொல் ஒவ்வொன்றுக்கும் வேரோடு நின்றுவிடாமல், எந்தப் பொருள் எந்த ஆண்டில் எந்த ஊரில் ஏறியது என்று பதிவதே சொல்லாய்வு. அதற்குக் கிரேக்கம் தெரிந்திருப்பது நன்று. ஒசூர்ச் சாலையும் தெரிந்திருக்க வேண்டும்.